நாலு மூலையிலும் மஞ்சள்

போன புதன்கிழமை காலை. அடுப்பில் பால். கையில் போன். மறுமுனையில் ஜவுளிக்கடை அண்ணாச்சி.

"அம்மா, இன்னைக்கு நாள் நல்லா இருக்கு. பதினொன்னரைக்குக் கடைக்கு வந்துருங்க. பேனா கொண்டாந்துருங்க, என்ன?"

வைத்துவிட்டார். அண்ணாச்சி போனில் அதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

நான் அப்படியே நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழக்கமாக என்னை நானே நாலு திட்டுத் திட்டிக்கொள்வேன். அன்று திட்டவில்லை. பால் பொங்கினால் நல்ல சகுனம் என்று தோன்றியது. வருமானம் நின்றுபோனால் புத்தி எங்கெல்லாம் போகிறது பாருங்கள்...

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விளம்பரம் எழுதுகிறவள். எந்தக் கம்பெனியிலும் வேலையில் இல்லை. கேட்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தே எழுதித் தருவேன். நாகரிகமாகச் சொன்னால் ஃப்ரீலான்ஸர். எங்கள் அபிராமபுரம் தெருவில் கேட்டால், வீட்டில் சும்மா இருக்கிறவள்.

இந்தப் பத்திக்கு ஏதாவது தருவார்களே என்பீர்கள். தருகிறார்கள். அதைப் பற்றி ஆசிரியரும் நானும் பேசிக்கொள்வதில்லை. இருவருக்குமே சங்கடம்.

எனக்குச் சோறு போட்டவை மூன்று இடங்கள். ஒரு மசாலா கம்பெனி, ஒரு பில்டர், அப்புறம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. தி.நகரில் ஐந்து மாடி. ஆடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த சீசன் — வருஷம் பூராவும் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால்வாசி வருமானம் அங்கிருந்துதான்.

மூன்றும் ஒரே மாதத்தில் போயின.

எப்படிப் போயின என்று நினைக்கிறீர்கள்? மாதச் சம்பளக்காரர்களுக்காவது ஒரு கடிதம் வரும். ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பேசுவார்கள். தண்ணீர் பாட்டில் வைப்பார்கள். எங்களுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. மசாலா கம்பெனி என் போனை எடுப்பதை நிறுத்தியது. பில்டர், "மேடம், ஒரு சின்ன பிரேக் எடுப்போம்" என்றார் — என்னவோ நானும் அவரும் காதலித்துக்கொண்டிருந்த மாதிரி. ஜவுளிக்கடையில்? வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

நீக்கியது அண்ணாச்சி இல்லை. அவர் மகன். எம்.பி.ஏ. முடித்துவிட்டு இந்த வருஷம்தான் கடைக்குள் வந்திருக்கிறார். நீக்கிய கையோடு எனக்குத் தனியாக ஒரு மெசேஜ். "தேங்க்ஸ் ஃபார் எவ்ரிதிங் ஆன்ட்டி." கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

இருபது வருஷ வேலைக்கு ஒரு பொம்மை. எனக்கு வந்த கோபத்தில் பதிலுக்கு நானும் ஒரு பொம்மையைத்தான் அனுப்பினேன். வேறென்ன செய்வது?

எங்கள் வீட்டு ஏற்பாடு ரொம்ப எளிமையானது. என் கணவர் சேகர் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறார். அவர் சம்பளம் சாப்பாட்டுக்கும் மகனின் ஹாஸ்டலுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டு வாடகை, என் எழுத்திலிருந்து. எழுத்து நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால்...?

சேகர் கணக்கு பார்க்கிற மனுஷர். புலம்ப மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"நங்கநல்லூர்ல அண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு."

"இருக்கட்டும்."

"வாடகையே வேண்டாம்கிறார்."

"அதாங்க பயமா இருக்கு."

நங்கநல்லூர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல இடம். ஆஞ்சநேயர் இருக்கிறார். காய்கறி மலிவு. ஆனால் அந்த மாடிக்குக் கீழே வசந்தி அக்கா இருக்கிறார். சேகரின் அண்ணி, எனக்கு ஓரகத்தி. ஓரகத்தி உள்ளவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். இல்லாதவர்களுக்காக — நான் வைத்த சாம்பாரை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "பரவாயில்ல, சூடா இருக்கு" என்று சொல்லக்கூடியவர்.

வாடகை கொடுக்காமல் இருக்கிற வீட்டில் அந்த ஒரு கரண்டிக்கு வருஷம் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் தலையாட்ட வேண்டியிருக்கும். இப்போதே போனில் ஏற்பாடுகளை ஆரம்பித்துவிட்டார். "அந்தப் பெரிய மேஜைய எதுக்குத் தூக்கிட்டு வரே? இனிமே நீ எங்க எழுதப் போறே? அந்த எடத்துல ஒரு பீரோ போடலாம்."

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வருமானம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் மேஜை இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய பீரோ நிற்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சேகரும் நானும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தீபாவளி வரை பொறுப்பது. தீபாவளி விளம்பர வேலை கிடைத்தால் அபிராமபுரம். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் நங்கநல்லூர்.

சரி, மாதக்கணக்கில் வேலை இல்லையே, நிம்மதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

வருமானம் போன செய்தி எப்படித்தான் பரவுமோ தெரியாது. நான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பட்டப்பகலில் ஒரு பெண் பால்கனியில் உட்கார்ந்து சாவகாசமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போதும். மந்தைவெளி வரைக்கும் தெரிந்துவிடும். தெரிந்தவுடனே ஆரம்பித்தார்கள். உதவி செய்யவா? அதுதான் இல்லை. வேலை கொடுக்க. இலவச வேலை. என் வாழ்நாளில் எனக்கு இத்தனை வேலை வந்ததே கிடையாது.

முதலில் வந்தவர் கமலா மாமி. கீழ்வீட்டுக்காரர். எங்கள் ஹவுஸ் ஓனரும் அவரேதான்.

"ஆத்துல சும்மாதானே இருக்கே. எங்க தம்பிக்கு சஷ்டியப்தபூர்த்தி வரது. நீயே பத்திரிகை எழுதிக் குடுத்துடேன். உன் தமிழ் நன்னா இருக்கும்னு எல்லாரும் சொல்லிண்டிருக்கா."

எழுதிக் கொடுத்தேன். ஹவுஸ் ஓனரிடம் யார் ரேட் பேசுவது? மாமியும் நன்றி மறப்பவர் இல்லை. "வாடகையப் பத்தி நீ கவலையே படாதே. அஞ்சாம் தேதி முடியலைன்னா ஆறாம் தேதி குடு" என்று பெரிய மனசு பண்ணினார்.

அடுத்து எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி. மொட்டைமாடியில் துணி உலர்த்துவது பற்றி ஒரு சர்க்குலர். கொஞ்சம் காமெடியாக இருக்க வேண்டுமாம், ஆனால் கண்டிப்பாகவும் இருக்க வேண்டுமாம். அதற்கு அடுத்து என் காலேஜ் தோழி. அவள் மகளுக்குக் கல்யாண வெப்சைட்டில் போட ஓர் அறிமுகம். பொய் சொல்லக் கூடாது, ஆனால் பெண் உயரமாகத் தெரிய வேண்டும். அப்புறம் அடையாறிலிருந்து யாரோ ஒரு யோகா மாஸ்டர். அவரை எனக்குத் தெரியவே தெரியாது. தோழிக்குத் தெரியுமாம்.

நான் கேட்கிறேன் — ஒரு பல் டாக்டரிடம் போய், "கிளினிக்ல கூட்டம் இல்லையே, சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கடவாய்ப் பல்லைக் கொஞ்சம் பிடுங்கி விடுங்களேன்" என்று எவராவது சொல்வார்களா? எழுதுகிறவளிடம் மட்டும் சொல்வார்கள். ஏனென்றால் எழுத்துக்கு முதல் போட வேண்டாம். பேனா ஏற்கெனவே இருக்கிறது. காகிதமும் இருக்கிறது. மூளை எப்படியும் வீணாகத்தானே கிடக்கிறது?

அறிவுரைகள் தனி. அத்தனை பேருக்கும் ஒரே அறிவுரை, யூட்யூப் சேனல். எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுகிற முருகன்கூட விடவில்லை. "யக்கா, நீ சோக்கா பேசிக்கினு கீறே. இன்னாத்துக்கு எய்திக்கினு கீறே? ரீல்ஸ் போடு. சும்மா அள்ளும்."

எதை அள்ளும் என்று அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் புதன்கிழமை அண்ணாச்சியின் போன்.

அந்த போனுக்கு ஓர் அர்த்தம் உண்டு. தீபாவளி விளம்பரத்தின் முதல் வரியை நான் கம்ப்யூட்டரில் அனுப்பினால் அண்ணாச்சி ஏற்றுக்கொள்ள மாட்டார். நல்ல நாள் பார்த்து என்னைக் கடைக்கு வரச்சொல்வார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார். வெள்ளைக் காகிதம். நாலு மூலையிலும் மஞ்சள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே அந்த ஒரு வரியை நான் என் கையால் எழுத வேண்டும். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற சாமி படத்துக்கு முன்னால் அதை வைத்து, சூடம் காட்டி, அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். எனக்குத் தெரிந்து ஒரு வருஷமும் இது தவறியதில்லை.

எந்த ஊரில், எந்த நாட்டில் ஒரு விளம்பர வரிக்கு இப்படி மரியாதை செய்வார்கள்? அண்ணாச்சி படிக்காதவர், ஆனால் எழுத்தை மதிக்கத் தெரிந்தவர் என்று நான் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே போன் வந்தது என்றால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். மகன் நீக்கினாலும் அப்பா விடவில்லை என்று அர்த்தம்.

சேகருக்கு ஆபீஸுக்கு போன் போட்டேன்.

"அப்போ அண்ணன்கிட்ட வரலைன்னு சொல்லிடட்டுமா?"

"உடனே சொல்லிடுங்க. அண்ணிகிட்டயும் மறக்காம சொல்லிடுங்க."

பீரோவை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

சும்மா போகவில்லை நான். வேலை இல்லாத இந்த மாதங்களில் வேறு என்ன செய்தேன்? யாரும் கேட்காமலே தீபாவளி வரிகளாக எழுதித் தள்ளியிருந்தேன். பழக்கம் விடாது. அவற்றில் ஒன்று எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. 'இந்த வருஷமும் முதல் புடவை அம்மாவுக்குத்தான்.' அவ்வளவுதான் வரி. முதல் சம்பளத்தில் புடவை எடுத்துக் கொடுத்த எந்தப் பையனும் அந்த போர்டைத் தாண்டிப் போக முடியாது. அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் ஆட்டோ. தி.நகர் என்றதும் டிரைவர் யோசிக்கவே இல்லை, ஒரு தொகையைச் சொன்னார்.

"என்னப்பா, இங்க இருக்கிற தி.நகருக்கு?"

"இன்னா மேடம், மெட்ரோ வேலை நட்ந்துகினு கீது. சுத்திக்கினுதான் போணும். கேஸ் இன்னா வெல விக்கிது தெர்யுமா?"

ஒரு இருபது ரூபாயைக் குறைக்க அவரோடு நான் ஐந்து நிமிஷம் வாதாடினேன். வென்றேன். சொல்லப்போனால் கீரைக்காரம்மாவிடம், பழக்கடையில், ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறவரிடம் — எல்லா இடத்திலும் நான் புலி. என் சொந்த எழுத்துக்கு விலை கேட்டால் மட்டும் வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும். "நீங்களே பார்த்துச் செய்யுங்க."

இது என் ஒருத்தியின் வியாதி இல்லை. எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள், டப்பிங் பேசுகிறவர்கள் என்று எங்கள் இனத்துக்கே உள்ள வியாதி. விலையைச் சொன்னால் கலை தீட்டுப்பட்டுவிடும் என்று நினைப்பு. எதிரில் இருக்கிறவர் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். செய்ய மாட்டார்.

கடைக்குள் நுழைந்தேன். புரட்டாசிகூடப் பிறக்கவில்லை, அதற்குள் தீபாவளிக் கூட்டம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. கல்லாவில் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் மகன், கையில் போன்.

"வாங்கம்மா, வாங்க. எல, அம்மாவுக்கு ஒரு காப்பி சொல்லு."

நாற்காலி தயாராக இருந்தது. காகிதம் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், அதன்மேல் நூற்றியொரு ரூபாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை மாதம் பட்ட எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை. கைப்பையைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, இந்த வருஷத்துக்கு ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்..."

"வரியெல்லாம் தம்பியே ரெடி பண்ணிட்டாம்மா. நீங்க அத ஒங்க கையால எழுதிக் குடுத்தாப் போதும்."

எனக்குப் புரியவில்லை. மகன் போனை என் பக்கம் திருப்பினார்.

'உங்கள் தீபாவளி தருணங்களை உயர்த்துங்கள்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன். தருணத்தை எப்படி உயர்த்துவது? கிரேன் வைத்தா? உயர்த்தி எங்கே வைப்பது, பரண்மேலா? எந்தத் தமிழச்சியாவது புடவைக் கடைக்குள் வந்து, "என் தருணத்தைக் கொஞ்சம் உயர்த்திக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாளா?

"ஏஐ குடுத்தது ஆன்ட்டி. அஞ்சு செகண்ட்தான்" என்றார் மகன். பெருமையாகத்தான் சொன்னார். கெட்ட பிள்ளை இல்லை.

"தெரியுது தம்பி" என்றேன்.

"நல்லா இருக்குல்ல?"

அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "வரி ரெடின்னா அப்புறம் நான் எதுக்கு அண்ணாச்சி?"

என்ன இப்படிக் கேட்கிறாள் என்று அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னம்மா இப்பிடிக் கேட்டுட்டிய? நீங்க மொத மொதல்ல எழுதிக் குடுத்த வருசம் குடோன்ல ஒரு துணி மிஞ்சலைலா. ஒங்க கை ராசியான கை. கல்லாவுல மொத நோட்டு எங்க வீட்டம்மா போடணும். மொத வரி ஒங்க கையில எழுதணும். அத எப்பிடி மாத்த முடியும்?"

"அப்போ... நான் எழுதின வரிகள்?"

"அதுக்கென்ன, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி."

"போன வருஷம் என்ன எழுதினேன், ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

நிஜமாகவே யோசித்தார். விட்டத்தைப் பார்த்தார். மோவாயைத் தடவினார்.

"வரி எங்கம்மா ஞாபகம் இருக்கு. ஆனா யாவாரம் ரொம்ப நல்லா இருந்துச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, காபியைக் குடிக்கிற மாதிரி டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். 'பெட்டியைத் திறந்தாலே பண்டிகை' — அதுதான் போன வருஷ வரி. அதற்காகப் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்தக் கடையில் இத்தனை வருஷமாக என் தமிழுக்கு மஞ்சள் தடவினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இவர்கள் தடவியது என் ஐந்து விரலுக்கு. நான் என்ன எழுதினாலும் ஒன்றுதான். பால் கணக்கை எழுதியிருந்தாலும் சூடம் காட்டியிருப்பார்கள்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போயிருப்பேன். ஆனால் போனால் எங்கே போவது? நங்கநல்லூருக்கு. அங்கே ஏற்கெனவே சேகர் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லியாயிற்று. இனி திரும்பவும் கூப்பிட்டு, 'இல்லை, வருகிறோம்' என்று சொல்ல வேண்டும். வசந்தி அக்கா அதை எந்தக் குரலில் கேட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன்.

"எழுதுங்கம்மா" என்றார் அண்ணாச்சி. அவர் கண் சுவரில் இருக்கிற கடிகாரத்துக்குப் போய்வந்தது. "பன்னெண்டுக்கு ராகு காலம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இந்த ஊரில் விளம்பரம் எழுத ஆயிரம் பேர் இருக்கலாம். அஞ்சு செகண்டில் எழுத ஒரு மெஷினும் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு மணிக்குள் தி.நகருக்கு வந்து சேரக்கூடிய ராசியான கை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என் தோளோடு ஒட்டியிருக்கிறது.

பேனாவை மறுபடி மூடினேன்.

"அண்ணாச்சி, ரேட் பேசலையே?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. எனக்கேகூட அது வேறு யாரோ பேசியது மாதிரிதான் இருந்தது.

"தட்டுல வச்சிருக்கோம்லாம்மா" என்றார்.

"அது வெத்தலை பாக்கு. நான் ரேட்டைக் கேக்கறேன்."

"நீங்கதான் எப்பவும் பார்த்துச் செய்யுங்கன்னு சொல்லுவிய..."

"இந்தத் தடவை நானே பார்த்துட்டேன். போன வருஷம் தீபாவளி வேலை முழுசுக்கும் என்ன குடுத்தீங்களோ, அதே தொகை."

"ஆன்ட்டி, ஒரே ஒரு வரி" என்றார் மகன். "அதையும் நீங்க எழுதலையே. காப்பிதானே பண்றீங்க?"

"வரிக்கு நான் காசே கேக்கலையே தம்பி. வரியை நீங்கதான் அஞ்சு செகண்ட்ல எழுதிட்டீங்களே. இது கைக்கு."

அண்ணாச்சி வியாபாரி. அதிர்ச்சி அவருக்கு அரை நிமிஷம்தான். உடனே பேரத்தில் இறங்கிவிட்டார், முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

"பாதி போட்டுக்கிடுவோம்மா. மார்க்கெட்டு முன்ன மாதிரி இல்ல."

நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்குகிறது. 'ஒரே விலை. பேரம் பேசாதீர்கள்.' கடை திறந்த காலத்திலிருந்து தொங்குகிறது. அவரும் திரும்பிப் பார்த்தார். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"முக்கால்" என்றார்.

நான் பேனாவைக் கைப்பையில் போட்டேன். அவர் மட்டும் "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அது அவருக்குத் தெரியாது என்பதுதான் என் ஒரே பலம்.

"எல, குடுத்துரு" என்றார் மகனிடம். "நேரம் போவுது."

மகன் பெருமூச்சு விட்டுக்கொண்டே போனைத் தட்டினார். என் போன் டிங் என்றது. இருபது வருஷத்தில் முதல் முறையாக வேலை செய்வதற்கு முன்னாலேயே எனக்குக் காசு வந்தது.

பேனாவை வெளியே எடுத்தேன். பிள்ளையார் சுழி போட்டேன்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்ததை மறைக்க மாட்டேன். காகிதம் என் முன்னால். பேனா என் கையில். 'இந்த வருஷமும் முதல் புடவை அம்மாவுக்குத்தான்' விரல் நுனியில் நிற்கிறது. எழுதிவிட்டால்? சாமிக்குப் போகிற காகிதத்தை யார் கிழிப்பார்கள்? ராகு காலத்தில் யார் திருத்துவார்கள்?

எழுதவில்லை. கைக்குத்தான் காசு வாங்கியிருந்தேன். தலை குறுக்கே வந்தால் நியாயமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, என் மிக அழகான கையெழுத்தில், 'உங்கள் தீபாவளித் தருணங்களை உயர்த்துங்கள்' என்று எழுதினேன். நடுவில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் நானே சேர்த்துவிட்டேன். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. சொன்னேனே, வியாதி.

சூடம் காட்டினார்கள். அண்ணாச்சி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டில் இருந்ததையும் கையில் கொடுத்தார், நூற்றியொரு ரூபாயோடு. மனுஷர் கணக்கில் கறார், மரியாதையில் குறைவைக்க மாட்டார். பொங்கலுக்கும் இதே மாதிரி வந்துவிட வேண்டும் என்றார். ஆடிக்கும் என்றார். ரேட் இதேதான் என்றேன். சரி என்றார்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். பொங்கல், ஆடி, மறுபடி தீபாவளி. வீடு தப்பித்தது. மேஜை தப்பித்தது. ஒரு வரிகூட யோசிக்காமல், வருஷத்துக்கு மூன்று தடவை ஆட்டோவில் வந்து கையைக் காட்டிவிட்டுப் போனால் போதும். எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுதத் தெரிந்ததற்கு இத்தனை வருஷமும் நான் வாய்விட்டு ஒரு விலை சொன்னதில்லை. முதல் முதலாக நான் சொன்ன விலை எழுத்துக்கு இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

கிளம்பினேன். மகன் வாசல் வரை வந்தார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த காகிதத்தை போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தார்.

"ஆன்ட்டி, உங்க ஹேண்ட்ரைட்டிங் செம. ஒரு ஐடியா. உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை எழுதிக் குடுத்துடுங்க. அப்படியே ஃபான்ட்டா மாத்திடலாம். அப்புறம் நீங்க இவ்ளோ தூரம் அலையவே வேண்டாம்."

கல்லாவில் இருந்த அண்ணாச்சியின் காதிலும் அது விழுந்துவிட்டது.

"எல, அதுல ராசி வருமாடே?" என்றார் சந்தேகமாக.

"அவங்க கையெழுத்துதானேப்பா? அச்சு அசல் அதேதான்."

அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். காகிதத்தைப் பார்த்தார். மகன் கையிலிருந்த போனைப் பார்த்தார். என் கையையும் ஒரு தடவை பார்த்தார்.

"பாளையங்கோட்டை ஜோசியர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றார்.

வெளியே வந்து சேகருக்கு போன் செய்து, அண்ணியிடம் இன்னொரு தடவை பேசிவிடச் சொன்னேன். நாங்கள் வந்தாலும் வருவோம், பீரோவை வேறு எங்கும் வைத்துவிட வேண்டாம், கொஞ்ச நாள் பொறுக்கட்டும் என்று.

நான் இதுவரை பார்த்தே இராத ஒரு ஜோசியர்தான் இனி என் வாடகையைச் சொல்ல வேண்டும்.